ஊத்துமேட்டில் சாம்பல் பூத்த காலம்

ஊத்துமேட்டில் ஆகாத காரியமெல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிய ஆரம்பித்தது ஓர் ஐப்பசி மாதச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. நூலகத்து மாடியில், எஸ்தர் டீச்சரின் கம்ப்யூட்டர் வகுப்பில், வாடகைப் பாத்திரக் கடை செண்பகவல்லி தன் நாற்பத்தாறாவது வயதில், திரையில் இருந்த ஒரு பட்டனை யாரும் அமுக்க முடியாதபடி சாம்பலாக்கிக் காட்டினாள். மற்ற ஐந்து பேரும் எட்டிப் பார்த்துப் பரவாயில்லையே என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தால், வாசலில் நின்ற தெருக்குழாய் அதே சாம்பல் நிறத்தில் இருந்தது. காலையில் நான் திருகிப் பார்த்துச் சொட்டுத் தண்ணீர் வராத குழாய் அது. "குழாய் சாம்பலாயிருச்சே," என்றேன். "தண்ணி வராது போல," என்றார் நூலகர். செண்பகவல்லி மட்டும், "எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு," என்று சொல்லித் திருகி, முகம் கழுவிக்கொண்டு போனாள். யாரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, டீ குடிக்கும் நேரம் ஆகியிருந்தது.

செண்பகவல்லி ஏன் கம்ப்யூட்டர் படிக்க வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜெராக்ஸ் கடை, அவளுக்குப் பக்கத்துக் கடை, இடையில் ஒரே சுவர். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்றாலும் அண்டா, தேக்சா, கரண்டி, ஜமக்காளம் எல்லாம் அவள் கடையிலிருந்துதான் போகும், போன கரண்டி வராது, வந்த தேக்சா போன தேக்சாவாக இருக்காது, எது எந்த மண்டபத்தில் கிடக்கிறது என்று அவளுக்கு மட்டுமே தெரியும், அவளுக்கும் பாதிதான் தெரியும். எங்கள் தெருவில் நெட் இருப்பது விருந்தாளி இருப்பது மாதிரி, வந்தால் வந்ததுதான். அதனால் நெட்டே வேண்டாத, கடைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு ப்ரோக்ராமைத் தானே செய்துகொள்வது என்று அவள் முடிவெடுத்தாள். தன் பாத்திரம், தன் பட்டன், பட்டன் மேல் தன் வார்த்தை.

வகுப்பில் நானும்தான் படித்தேன். என் பட்டன் கடைசி வரை திரையின் இடது மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், நகர்த்தினால் ஒரேயடியாகக் காணாமல் போகும். செண்பகவல்லிக்கு அந்தத் தொல்லையே இல்லை. வரிசை, கட்டம் என்று டீச்சர் ஆரம்பித்ததும், கடையில் அண்டா கீழே, சட்டி மேலே, மூடி தனியே என்று அடுக்குகிற கை அப்படியே திரையிலும் அடுக்கிவிட்டது. யாராவது வந்து அமுக்கும் வரை ப்ரோக்ராம் சும்மா காத்துக்கொண்டே இருக்கும் என்று டீச்சர் சொன்னபோது, "நான் கடையில உக்காந்திருக்க மாதிரிதான," என்று கேட்டுக்கொண்டாள். இரண்டு பட்டன் வைத்தாள். பாத்திரம் வெளியே போவதற்கு ‘போச்சு’ என்று எழுதச் சொன்ன என்னை ஒரு முறை முறைத்து, கல்யாணக் காரியத்துக்கு அப்படி எழுதக் கூடாது என்று, ‘அனுப்பியாச்சு’, ‘வந்தாச்சு’ என்று எழுதினாள். ஆள் பெயர், தேதி, பாத்திரம் மூன்றும் நிரப்பாமல் யாரும் ‘அனுப்பியாச்சு’ அமுக்கிவிடக் கூடாது, நிரப்பும் வரை அது சாம்பலாகச் செத்துக் கிடக்க வேண்டும், நிரப்பியதும் உயிர் வர வேண்டும் என்பது டீச்சர் அன்று கொடுத்த பாடம். சாம்பலாக்கும் வரை சொல்லிக் கொடுத்துவிட்டு எஸ்தர் டீச்சர் பிரசவத்துக்குத் தாய் வீடு போனார். உயிர் வரவைக்கும் பாடம் ஆறு மாதம் தள்ளிப் போனது.

அந்த ஆறு மாதமும் ஊரில் சாம்பல் நன்றாகப் பூத்தது. எனக்குத் தாலுகா ஆபீஸில் மூன்றாம் நம்பர் ஜன்னல் சாம்பல், ஏனென்றால் அங்கே என் பட்டா மாறுதல் மனுவை ஒரு முறை திருப்பிக் கொடுத்திருந்தார்கள். டீக்கடை மாரிச்சாமிக்கு அதே ஜன்னல் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது, ஆனால் அவன் சம்பந்தி வீட்டுக் கேட் அவனுக்குச் சாம்பல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்கு நோட்டைக் காட்டி, எனக்குச் சாம்பல் சார் என்றார்கள், ஹெட்மாஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு எனக்கும்தான் என்று சொல்லி விளையாட அனுப்பினார். கோபத்தில் இருக்கும் மனைவியின் காதுகள் இரண்டும் சாம்பலாகத் தெரிவது குடும்பஸ்தர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது, வீண் பேச்சு குறைந்தது. தெருவில் எதிரே வருகிறவரிடம் சாப்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, எனக்குச் சாம்பல், உனக்கு எப்படி என்று கேட்க ஆரம்பித்தோம். எனக்கு ஆகாத ஜன்னலுக்கு மாரிச்சாமி போனான், அவன் சம்பந்தி வீட்டுக்கு நான் போனேன், ஒருவர் வேலையை ஒருவர் பார்த்து ஊர் வழுக்கிக்கொண்டு ஓடியது.

யாரும் கவலைப்பட்டதாக நினைக்காதீர்கள். ஆகாது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டால் மனிதனுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்பதை நாங்கள் அப்போதுதான் கண்டுகொண்டோம். டீக்கடையில் இன்னொரு பெஞ்சு போட்டார்கள், ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்கள் கேரம் விளையாடினார்கள், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பெண்கள் மத்தியானம் அரைமணி நேரம் கண்ணயர்ந்தார்கள், ‘சாம்பல் நிறப் பொருள்கள் குறித்து மனு கொடுக்க வேண்டாம்’ என்று பேரூராட்சியில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, அதை என் கடையில்தான் நூறு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினார்கள். இவ்வளவு திருப்தியான ஊரை நான் பார்த்ததில்லை. யாரும் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. தபால்காரம்மா ஜெயக்கொடி. கதவு சாம்பலாக இருந்தால் தபாலைத் திருப்பி அனுப்பலாம் என்று இலாகாவில் விதி இல்லாததால், எல்லாக் கதவையும் தட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. மாசி மாதம் ஒருநாள் அவள் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "எனக்கு இப்ப ஊருல சாம்பல் கதவே இல்லண்ணே, இருந்ததெல்லாம் நிறம் வந்துருச்சு," என்றாள். காக்கிச் சட்டை ராசி என்று மாரிச்சாமி சொன்னான். நாங்களும் ஆமோதித்தோம். இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

செண்பகவல்லிக்கும் ஒரு சாம்பல் கதவு இருந்தது. மூன்றாவது தெருவில், அவள் அக்கா சொர்ணத்தாய் வீட்டுக் கதவு.

கதை இதுதான். வாடகைப் பாத்திரக் கடையில் புதிதாக எது வந்தாலும், மண்டபத்தில் மாறிப் போகாமல் இருக்க, பேர் வெட்டுகிறவரை வரவழைத்துக் கடைப் பெயரை வெட்டுவது வழக்கம். ஏழு வருடத்துக்கு முன்னால் அப்படி நாற்பது தேக்சாக்களை அடுக்கி வைத்தபோது, அம்மா பேச்சியம்மாள் விட்டுப் போன வெண்கலப் பானையும் எப்படியோ அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டது. பேர் வெட்டுகிறவர் குனிந்த தலை நிமிராமல், பழைய பெயரைத் தேய்த்துவிட்டுக் கடைப் பெயரை வெட்டிப் போட்டார். பொங்கலுக்குப் பானையைக் கேட்டு வந்த சொர்ணத்தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கடி அம்மா பேரு?" என்றாள். தெரியாமல் நடந்துவிட்டது அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வாடிக்கையாளர்கள் நாலு பேர் நின்ற கூச்சத்தில் செண்பகவல்லி, "வெண்கலந்தான, பேரு போனா பானை ஒழுகவா போகுது," என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய் அன்றைக்கே வருந்தியது. அடுத்த வாரமே அம்மா பெயரைத் திரும்ப வெட்டச் சொல்லி, பானையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. உள்ளே அக்கா நடமாடும் கொலுசுச் சத்தம் கேட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

சாம்பல் வந்த பிறகு ஒருநாள் தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்தபோது அந்தக் கதவு அவளுக்குச் சாம்பலாகத் தெரிந்தது, அவள் உள்ளூர நிம்மதி அடைந்தாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். போகாமல் இருப்பது தன் குற்றமில்லை, கதவே சொல்லிவிட்டது என்று ஆகிவிட்டதாம். சித்திரை பிறந்ததும் அந்த நிம்மதி போனது. சொர்ணத்தாய் மகள் அபிராமிக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை வைக்க எங்கள் தெருவுக்கு வந்த சொர்ணத்தாய், எனக்கு வைத்தாள், எதிர் மருந்துக்கடைக்கு வைத்தாள், செண்பகவல்லி கடையைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அந்தப் பிள்ளையை மூன்று மாதக் குழந்தையில் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் செண்பகவல்லி. அன்று சாயங்காலம் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் அழுதது எனக்குக் கேட்டது, ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு நடுவே அவள் ப்ரோக்ராம் ஒரு வேடிக்கையான கதிக்கு வந்திருந்தது. பெயர், தேதி, பாத்திரம் மூன்றையும் நிரப்பினாலும் ‘அனுப்பியாச்சு’ சாம்பலாகவே கிடந்தது. வேறு ஒருத்தி என்றால் பட்டன் கெட்டுவிட்டது என்பாள். ஆகாததைக் காட்டும் சாம்பல் பொய் சொல்லாது என்று ஊரே நம்பிய காலம் அது, அதனால் தான்தான் ஏதோ நிரப்பாமல் விட்டிருக்கிறோம் என்று அவள் நினைத்தாள். மண்டபத்தின் பெயரை நிரப்பத் திரையில் ஒரு பெட்டி சேர்த்தாள். சமையல்காரர் பெயர், பெண் வீடா மாப்பிள்ளை வீடா, எத்தனை பந்தி, முகூர்த்த நேரம், லக்னம், கடைசியில் குலதெய்வம் வரைக்கும் பெட்டி சேர்த்தாள். பதினாலு பெட்டி ஆனது, திரை நிரம்பியது, பட்டன் அசையவில்லை. இன்னும் என்ன வேண்டும் இதுக்கு என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அதட்டுவது எனக்குத் தினமும் கேட்கும்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எஸ்தர் டீச்சர் கைக்குழந்தையோடு திரும்பி வந்தார். நூலகத்து மேஜையில் துண்டை விரித்துக் குழந்தையைப் படுக்கப் போட்டுவிட்டு, செண்பகவல்லியின் பதினாலு பெட்டியைப் பார்த்து முதலில் சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"யக்கா, பட்டன் மேல தப்பில்ல, உங்க பெட்டி மேலயும் தப்பில்ல. இது சாம்பலா இருக்கணுமா வேண்டாமான்னு எப்பப் பாக்கச் சொல்லியிருக்கீங்க?"

"ப்ரோக்ராமத் தொறக்கும்போது."

"அப்பப் பெட்டியெல்லாம் காலி, அதனால சாம்பலாயிருச்சு. அதோட சரி. அதுக்கப்புறம் அது திரும்பிப் பாக்கவே இல்ல. நீங்க என்னத்த நெரப்புனாலும் அதுக்குத் தெரியாது."

"அப்ப இந்தச் சாம்பல்?"

"அது பழைய பதில்க்கா. எப்பவோ ஒருக்கா கேட்டதுக்கு அது சொன்ன பதிலு. ஏதாச்சும் மாறும்போதெல்லாம் திரும்பப் பாருன்னு நாமதான் சொல்லணும். சொன்னாப் பாக்கும்."

டீச்சர் காட்டிக் கொடுக்க, செண்பகவல்லி ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்த வரியைச் சேர்த்தாள். வேண்டாத பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள், குலதெய்வத்தை எடுக்கும்போது மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்று பெட்டி மிஞ்சியது. பெயர் எழுதினாள், தேதி எழுதினாள், பாத்திரம் எழுதினாள், கடைசி எழுத்தில் ‘அனுப்பியாச்சு’ பட்டனுக்குப் பச்சை நிறம் வந்தது. நாங்கள் கை தட்டினோம். அவள் தட்டவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், பழைய பதில், பழைய பதில் என்று இரண்டு தரம் முணுமுணுத்துவிட்டு, குழந்தை கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். அடுத்தவர் விஷயம்தான், ஆனால் பின்னால் போகாமல் இருக்க நான் ஒன்றும் பெரிய மனிதனில்லை. அவள் கடையைத் திறந்து, மேல் அடுக்கிலிருந்து ஏழு வருடமாக யாருக்கும் வாடகைக்கு விடாத வெண்கலப் பானையை இறக்கி, முந்தானையால் துடைத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார், கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் அப்படியே நின்றது, மாரிச்சாமி ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். மூன்றாவது தெருவுக்குள் அவள் திரும்பியதும் ஊருக்கே புரிந்துவிட்டது. "அந்தக் கதவு அவளுக்குச் சாம்பல்லா," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சாம்பல் என்று தெரிந்தே ஒருத்தி ஒரு கதவைத் தட்டப் போவதை, தபால்காரம்மாவைத் தவிர, ஆறு மாதத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

அவள் மூன்று தரம் தட்டினாள். ஒன்றும் இல்லை. பானையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மறுபடி தட்டினாள். உள்ளே கொலுசுச் சத்தம் கேட்டது, நெருங்கி வந்தது, கதவு திறந்தது. மாவு பிசைந்த கையோடு சொர்ணத்தாய் நின்றாள்.

"தெரியாம நடந்து போச்சுக்கா," என்றாள் செண்பகவல்லி. "அன்னைக்கே இதச் சொல்லியிருக்கணும். அம்மா பேரத் திரும்ப வெட்டியிருக்கேன், பாரு."

சொர்ணத்தாய் மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, பேச்சியம்மாள் என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். வெகு நேரம் தடவினாள். அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் செண்பகவல்லி கதவைப் பார்த்தாள். அப்போதுதான் அதற்கு நிறம் வந்துகொண்டிருந்தது, அடியிலிருந்து மேலே, ஈரம் ஏறுகிற மாதிரி. அவள் நீலத்தை எதிர்பார்த்திருந்தாள். அது நீலக் கதவுதான் எப்போதும், அம்மா காலத்திலிருந்து. வந்தது மஞ்சள்.

"கதவு நீலமில்ல," என்றாள்.

"மஞ்ச பெயின்ட் அடிச்சு மூணு வருசமாச்சு," என்றாள் சொர்ணத்தாய். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நானும் வந்தேன்டி. பத்திரிகை எடுத்துக்கிட்டு ரெண்டு தடவ ஒன் கடை முக்கு வரைக்கும் வந்தேன். ஒன் ஷட்டரு எனக்குச் சாம்பலாத் தெரிஞ்சிச்சு. சரி, அவ மனசு இன்னும் எறங்கல போலன்னு திரும்பிட்டேன்."

இரண்டு பேரும் பானையை நடுவில் வைத்துக்கொண்டு கதவு நிலையிலேயே உட்கார்ந்து அழுதார்கள், பிறகு எதற்கோ சிரித்தார்கள். தெருமுனையில் கூட்டமாக நின்ற நாங்கள், எங்களுக்கு ஏதோ வேலை இருப்பது போல ஒவ்வொருவராகக் கலைந்தோம். மாரிச்சாமி கடையைப் பூட்டாமலேயே நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போனான். மருந்துக்கடைக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு எங்கோ கிளம்பினார். நான் வீட்டுக்குப் போய் என் மனைவியின் சாம்பல் காதுகளிடம், போன வருடம் சொல்லி எடுபடாத ஒரு விஷயத்தை மறுபடி சொல்லிப் பார்த்தேன். எடுபட்டது. எல்லாருக்கும் எல்லாம் எடுபட்டது என்று சொல்ல மாட்டேன், மூன்றாம் நம்பர் ஜன்னல் எனக்கு இன்றைக்கும் சாம்பல்தான், ஆனால் மாதம் ஒரு முறை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

மறுநாள் காலையில் சொர்ணத்தாய் தாம்பாளத்தில் பத்திரிகையோடு செண்பகவல்லி கடைக்கு வந்தாள். எனக்கு அங்கே வேலை இல்லை, இருந்தாலும் போனேன். செண்பகவல்லி பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பதினோரு நாள்தான் இருக்கு. பாத்திரத்துக்கு எங்க சொல்லியிருக்கக்கா?" என்றாள்.

"எங்கயும் சொல்லல."

"ஏன்?"

சொர்ணத்தாய் கடையில் அடுக்கியிருந்த அண்டாக்களைப் பார்த்தாள். பிறகு, பேச்சை மாற்றுகிறவள் போலத் திரையில் சாம்பலாகக் கிடந்த பட்டனைக் காட்டி, "இது ஏன்டி செத்தாப்ல கெடக்கு?" என்றாள். அக்காவுக்குச் செண்பகவல்லி முக்காலியை இழுத்துப் போட்டாள். முதல் பெட்டியில் சொர்ணத்தாய் என்று எழுதினாள். பாத்திரப் பெட்டியில் முதல் வரியாக, வெண்கலப் பானை ஒன்று, பேச்சியம்மாள் பெயர் வெட்டியது என்று எழுதிவிட்டு, அண்டாவையும் தேக்சாவையும் அதற்குக் கீழே எழுதினாள்.

"தேதியச் சொல்லுக்கா."

"ஒனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லு."

"வைகாசி இருபத்தி ஒண்ணு."

கடைசி எண்ணைத் தட்டியதும் ‘அனுப்பியாச்சு’ பச்சையானது. சொர்ணத்தாய் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அமுக்கவா?" என்றாள்.

"அமுக்குக்கா."